வயசானவங்களுக்கு நூல் வேலை, கை நெசவு: அடிக்கடி கேக்குற கேள்விகளும் எங்க பதிலும்

மதுரை செல்லூர்ல எங்க வீட்டுத் திண்ணையில புதனும் சனியும் சாயங்காலம் நாலு மணிக்கு ஏழெட்டுப் பெருசுங்க கூடுவாங்க. உல்லன், பழைய சேலைக் கிழிசல், அட்டை, சணல்னு ஆளுக்கொண்ண மடியில வச்சுக்கிட்டு ஏதாச்சும் பண்ணிக்கிட்டு இருப்பாங்க, பாதி நேரம் கதைதான் ஓடும். ஆரம்பிச்சது எங்கம்மாவுக்காக. அப்பா போனப்புறம் டிவிக்கு முன்னாடி உக்காந்துக்கிட்டு டிவியையும் பாக்காம சும்மாவே இருந்துச்சு, அத எப்படியாச்சும் எழுப்பணும்னு பண்ணப்போயி தெருவே வந்து உக்காந்துருச்சு. இப்ப மூணு வருசம் ஆச்சு. போன்லயும் வாட்ஸாப்லயும் அதே கேள்விதான் திருப்பித் திருப்பி வருது, அதான் ஒரேயடியா எழுதி வச்சுட்டேன். நான் டாக்டரும் இல்ல, கிராஃப்ட் டீச்சரும் இல்ல. செஞ்சு, கெடுத்து, பிரிச்சு, மறுபடி செஞ்சதுல தெரிஞ்சதுதான் எல்லாம்.

எங்கம்மாவுக்கு ஒரு கைவேலையும் தெரியாதுங்க, எதுல ஆரம்பிக்கிறது?

தெரியாதுன்னுதான் சொல்லுவாங்க, நம்பாதீங்க. பூ கட்டத் தெரியுமான்னு கேளுங்க. மதுரைல மல்லிகை கட்டத் தெரியாத பொம்பளை யாரு? பூ கட்டுறப்ப அவங்க கையை ஒரு தடவை நல்லா உத்துப் பாருங்க. இடது கை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பைப் பிடிச்சிருக்கும், வலது கை நாரை ஒரு சுத்து சுத்தி விரல்லயே ஒரு முறுக்கு முறுக்கி வளையமாக்கி காம்புல மாட்டி சடக்குன்னு இழுக்கும், கண்ணு அங்கிட்டு வாசல்ல யாரு போறான்னு பாத்துக்கிட்டு இருக்கும். இப்ப பிள்ளைங்க காசு கட்டிக் கத்துக்கிற மேக்ரமேலயும் (கயிறு முடிச்சு வேலை) இந்த மாதிரி முடிச்சு அடிப்படை முடிச்சுகள்ல ஒண்ணு.

அதனால முதல் வேலையா நாங்க குடுக்குறது உல்லன் மாலை. உல்லனை ரெண்டு இஞ்சு துண்டா வெட்டிக்கங்க, ஆறேழு துண்டைச் சேத்து ஒரு பூ மாதிரி நடுவுல பிடிச்சு, வாழை நாருக்குப் பதிலா கெட்டி காட்டன் நூலால அப்படியே கட்டிக்கிட்டே போகச் சொல்லுங்க. ஒரு முழம் கட்டினா புசுபுசுன்னு மாலை வந்துரும், சாமி படத்துக்குப் போடலாம், நிலைக்கதவுல கட்டலாம். எங்கம்மா முதல் நாளே ரெண்டு முழம் கட்டிருச்சு, கட்டி முடிச்சுட்டு "வாசம்தான் இல்ல"ன்னுச்சு. நான் கத்துக்குடுத்தது ஒண்ணுமே இல்ல.

எல்லார்கிட்டயும் இப்படி ஏதாச்சும் ஒண்ணு இருக்கும். எங்க தெரு அப்பத்தா ஒண்ணு சின்ன வயசுல தறிக்கு தார் சுத்தினது (நெய்யற நூலைச் சின்னக் குழல்ல சுத்திக் குடுக்குறது), எதிர்வீட்டு சௌராஷ்டிரா பாட்டி சுங்குடி சேலைக்கு முடிச்சுப் போட்டவங்க, துணியை நகத்தால கிள்ளி நூலைச் சுத்தி சுத்தி ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்குல முடிச்சு. மதுரை சுங்குடிக்கு 2005ல புவிசார் குறியீடு குடுத்தாங்க, ஆனா இப்ப கடையில தொங்குறதுல நிறைய அச்சுப் புள்ளிதான். பாட்டி தடவிப் பாத்தே சொல்லிருவாங்க, முடிச்சுப் போட்ட துணின்னா புள்ளிகிட்ட சுருக்கம் இருக்கும்ல. அவங்களுக்குப் போயி "பாட்டி, இது ரொம்ப ஈசி"ன்னு பேப்பர் தட்டுல கலர் நூல் சுத்தக் குடுத்தா கோவம் வராம என்ன செய்யும்? முதல்ல கை என்ன வேலை பாத்த கைன்னு கேளுங்க, அப்புறம் நூலை வாங்குங்க.

என்னென்ன வாங்கணும், எங்க கிடைக்கும்?

ஆரம்பத்துல வாங்காதீங்க. அட்டைப்பெட்டி, பழைய காட்டன் சேலை, வேட்டி, பழைய சீப்பு இதெல்லாம் வீட்டுலயே கிடக்கும். உல்லன் வேணும்னா விளக்குத்தூண், பத்துத்தூண் பக்கம் டைலரிங் சாமான் விக்கிற கடைகள்ல கேளுங்க. சணல், காட்டன் கயிறெல்லாம் கீழமாசி வீதிப் பக்கம். புதுமண்டபத்துல இருந்த கடைகளைத் தேடி இன்னும் சிலர் போயிட்டு வந்து பொலம்புறாங்க, அவங்க குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறி நாளாச்சு.

இன்னொண்ணு, திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்ட் எடை போட்டு விக்கிறாங்கல்ல, அது கிடைச்சா விடாதீங்க. அந்தத் துணியை ஒரு இஞ்சு அகலத்துக்கு நீளமா வெட்டி ரெண்டு முனையையும் பிடிச்சு இழுத்தா தானா சுருண்டு கயிறு மாதிரி ஆயிரும். தடியா மெத்துனு இருக்கும், வயசான கைக்கு இதைவிட நல்ல நூல் நான் பாக்கல.

மதுரை வெயில்ல போயி உல்லனா?

நியாயமான கேள்வி. கடையில உல்லன்னு குடுக்குறது பெரும்பாலும் அக்ரிலிக், ஆட்டு ரோமமே கிடையாது. சித்திரை வைகாசில கை வேர்த்து நூல் விரல்ல ஒட்டிக்கிட்டு பிசுபிசுங்கும். நாங்க மார்ச் கடைசில உல்லனைக் கட்டி மேல போட்டுட்டு காட்டன், சேலைக் கிழிசல்னு மாறிருவோம், ஐப்பசி மழைக்கு மறுபடி உல்லன். சித்திரைத் திருவிழா நாள்ல கூட்டமே கிடையாது, அழகர் வர்ற நேரத்துல எவன் நூலைப் பிடிச்சுக்கிட்டு உக்காருவான்.

அட்டைத் தறி எப்படி செய்றது?

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வந்த கெட்டி அட்டை நல்லது. ஒரு முழ நீளம், ஒரு சாண் அகலம் வெட்டிக்கங்க. மேலயும் கீழயும் ஒரு சென்டிமீட்டருக்கு ஒண்ணா சின்னச் சின்ன வெட்டுப் போடுங்க. கெட்டி நூலை முதல் வெட்டுல மாட்டி பின்னாடி டேப் போட்டு ஒட்டிட்டு மேல கீழன்னு எல்லா வெட்டுலயும் மாட்டி இழுத்துக்கிட்டே போனா பாவு, அதாவது நெடுக்க ஓடுற இழை, ரெடி. ரொம்ப இறுக்கிக் கட்டாதீங்க, அட்டை வில்லு மாதிரி வளைஞ்சுரும். அப்புறம் குறுக்க ஓட்டுறது ஊடை, ஒரு இழைக்கு மேல ஒரு இழைக்குக் கீழ, அடுத்த வரிசை அதுக்கு நேர்மாறா. ஒவ்வொரு வரிசை முடிஞ்சதும் சீப்பால கீழ தட்டி இறுக்கணும். தறியில அச்சு பண்ற வேலையைத்தான் இங்க சீப்பு பண்ணுது. தறியில ஊடை நூலைக் கொண்டு போற நாடாவுக்குப் பதிலா ஐஸ் குச்சி நுனில ஓட்டை போட்டு அதுல நூலைக் கோத்துக்கலாம், ஊசி வேண்டாம்.

அப்பத்தா இந்த அட்டையைப் பாத்துட்டு முதல்ல சிரிச்சது. "இது தறியாடி, எங்க வீட்டுத் தறிக்குழியில நான் இறங்குனா என் தலை கூட வெளிய தெரியாது, அம்புட்டு சின்னப் பிள்ளை அப்ப"ன்னு ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் கதை. மறுவாரம் அதே அட்டையில மத்தவங்களைவிட இரட்டிப்பு நெருக்கமா நெய்து வச்சிருந்துச்சு.

நெய்ய நெய்ய நடுவுல இடுப்பு ஒடுங்கி உடுக்கை மாதிரி ஆகுதே?

எல்லாருக்கும் ஆகும், எனக்கு முதல் மூணும் உடுக்கைதான். ஊடையை ஓரத்துல இறுக்கி இழுக்கிறதால வர்றது. நூலை நேர்கோடா இழுக்காம வானவில் மாதிரி வளைச்சுப் போட்டுட்டு, அப்புறம் சீப்பால நடுவுல இருந்து தட்டிக்கிட்டு வாங்க, அந்த வளைவுல இருக்கிற உபரி நூல் மேல கீழ போய்வர்றதுக்கு சரியாப் போயிரும். ரெண்டு ஓரத்துலயும் பாவு இழையோட சேத்து ஒரு தென்னை ஈர்க்குச்சி வச்சுக்கிட்டா இன்னும் நல்லது, முடிஞ்சதும் உருவிரலாம். ஆனா ஒடுங்கினதைப் பிரிச்சே ஆகணும்னு பெரியவங்களைப் போட்டுப் படுத்தாதீங்க. ஒடுங்கினது ஒடுங்கினதுதான், சுருட்டித் தச்சா கண்ணாடி உறை.

பழைய சேலையை வச்சு என்ன பண்ணலாம்? எத்தனை சேலை வேணும்?

இதுதான் எங்க கூட்டத்துல ஓடுற பெரிய வேலை, உக்கார்ற சேருக்குப் போடுற விரிப்பு. காட்டன் சேலையா பாத்து எடுங்க, ஓரத்துல கத்திரியால ஒரு வெட்டு குடுத்து இழுத்தா நீளவாக்குல நேரா கிழியும். பாலியஸ்டர் கிழியாது, கிழிஞ்சாலும் கோணும், அதை வெட்டித்தான் எடுக்கணும். ஒரு சேருக்கு ஒரு காட்டன் சேலை தாராளம்.

ஒட்டாம ஒரே நாடாவா எடுக்க ஒரு வழி இருக்கு. ஒண்ணரை இஞ்சு அகலத்துல கிழிச்சுக்கிட்டே போயி கடைசிக்கு ஒரு இஞ்சு முன்னாடி நிறுத்திருங்க, அடுத்த கிழிசலை அந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு இந்தப் பக்கம் ஒரு இஞ்சு விட்டு நிறுத்துங்க, இப்படியே பாம்பு மாதிரி போனா முழு சேலையும் ஒரே நாடா. அப்படியும் அந்துருச்சுன்னா தைக்க வேணாம், ரெண்டு முனையிலயும் பட்டன் ஓட்டை மாதிரி ஒரு கீறல் போட்டு, ஒண்ணுக்குள்ள ஒண்ணை விட்டு, புது நாடாவோட மறு முனையை அதன் ஓட்டைக்குள்ளயே நுழைச்சு இழுத்தா சின்ன முடிச்சா உக்காந்துக்கும்.

கிழிக்கிற சத்தம் இருக்கே, அது ஒரு தனி சுகம்னு எல்லாரும் சொல்லுவாங்க. ஆனா யாரு சேலைங்கிறதைக் கேட்டுக்கிட்டு கிழிங்க. ஒருத்தவங்க வீட்டுல மருமக ஆசையா கொண்டாந்து குடுத்தது மாமியாரோட வளைகாப்புச் சேலையாப் போச்சு, அன்னைக்கு ஒரு வேலையும் ஓடல.

ஒரு முக்கியமான விசயம். இந்த விரிப்பைக் கால்மிதியா போடாதீங்க. வழுவழு டைல்ஸ்லயும் பாத்ரூம் வாசல்லயும் இது சறுக்கும், வயசானவங்க விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சா அப்புறம் எந்திரிக்கிறது பெரும்பாடு. சேர், ஊஞ்சல், காரு சீட்டு, குக்கர் இறக்கி வைக்கிறதுக்கு, இதுக்கெல்லாம் போடுங்க.

வட்டமா நெய்தா நெசவே விழ மாட்டேங்குது, ஏன்?

இழையை எண்ணுங்க, ரெட்டைப்படையா இருக்கும். வட்டத்துல சுத்திச் சுத்தி ஒரே நூல் போறதால பாவு ஒத்தைப்படையா, 15 இல்லைன்னா 17னு இருக்கணும். ரெட்டைப்படைல வச்சா ரெண்டாவது சுத்துலயும் அதே இழைக்கு மேல, அதே இழைக்குக் கீழன்னுதான் போகும்.

கை மூட்டு வலி, சுகர் இருக்கு. செய்யலாமா?

மூட்டு வீங்கி சிவந்து வலிக்கிற நாள்ல வேண்டாம், அன்னைக்கு சும்மா வந்து கதை கேளுங்க. மத்த நாள்ல தடியான நூல், தடியான பிடி. குரோஷா ஊசி (நுனில கொக்கி இருக்கிற பின்னல் ஊசி) பிடிக்க முடியலைன்னா கைப்பிடியில துணியைச் சுத்தி ரப்பர் பேண்ட் போட்டுக்கங்க. இருபது நிமிசத்துக்கு ஒரு தடவை கையைக் கீழ வச்சு விரலை விரிச்சு மடக்கச் சொல்லுவோம். எங்களுக்கு அலாரம் வேண்டாம், பருத்திப்பால்காரர் மணிச்சத்தம் கேட்டா எல்லாக் கையும் தானா நின்னுரும் (சுகர்காரங்களுக்கு கருப்பட்டி போடாம ஒரு வாய்தான், அதுக்கும் சண்டை).

சுகர்ல விரல் மரத்துப் போனவங்களுக்கு ரெண்டு விசயம் பாத்துக்கங்க. ஒண்ணு, ஊசி குத்தினாலும் தெரியாது, அதனால மழுங்கின பிளாஸ்டிக் ஊசிதான், கத்திரி நம்ம கையில. ரெண்டாவது, விரல்லயே நூலைச் சுத்திப் பின்ற விரல் பின்னல் இப்ப நிறைய வீடியோல வருது, அது வேண்டாம். நூல் இறுகி ரத்த ஓட்டம் நின்னாலும் அவங்களுக்கு உறைக்காது, எங்க கூட்டத்துல ஒருத்தவங்க விரல் நுனி நீலம் பாரிச்சுப் போயி நான்தான் பாத்து வெட்டி விட்டேன். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறவங்களுக்கும் கூர் ஊசி குடுக்காதீங்க.

கண் ஆபரேசன் ஆச்சு, எப்ப ஆரம்பிக்கலாம்?

கண் டாக்டர் சரின்னு சொன்னப்புறம். ஆரம்பிக்கிறப்ப கருப்பு, நீலம் நூலை ஒதுக்கி வைங்க, வெளிர் மஞ்சள், வெள்ளை நூல் எடுத்து மடியில ஒரு கருப்புத் துணியை விரிச்சுக்கிட்டா இழை எடுப்பாத் தெரியும். பாவு ஒரு நிறம் ஊடை இன்னொரு நிறமா இருக்கட்டும். வெளிச்சம் முதுகுப் பக்கமா தோளுக்கு மேல இருந்து வரணும், டியூப்லைட்டுக்கு நேரா உக்கார வச்சா கண்ணு கூசும்.

பக்கவாதம் வந்து ஒரு கைதான் வேலை செய்யுது...

முடியும். அட்டைத் தறியை பரீட்சை அட்டை கிளிப்ல மாட்டி, மேசையில ஒட்டி அசையாம வச்சுட்டா ஒத்தைக் கையால நெய்யலாம். முடியாத கையை மடியில தொங்க விடாம தறி மேலயே வைக்கச் சொல்லுங்க. பிசியோகாரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு செய்யுங்க.

மறதி நோய் இருக்கிறவங்களுக்கு எது குடுக்கலாம்?

ஒரே அசைவு இருக்கிற வேலை. நூல் சிட்டத்தை (வளையமா சுத்தி வச்ச நூல் கட்டு) பிரிச்சு உருண்டை சுத்துறது, குஞ்சத்துக்கு அட்டையில நூல் சுத்துறது, சேலை கிழிக்கிறது. பாசி, பட்டன் மாதிரி சின்னதா எதையும் பக்கத்துல வைக்காதீங்க, வாயில போட்டுருவாங்க. ஒரு ஆச்சி வருவாங்க, பேரு கேட்டா சில நாள் வராது. உருண்டை சுத்தக் குடுத்தா மட்டும் ரெண்டு மணி நேரம். முடிஞ்ச உருண்டையை அவங்க மக ராத்திரி பிரிச்சு மறுபடி சிட்டம் போட்டு வச்சுருவாங்களாம், மறுநாளைக்கு வேலை வேணும்ல.

ஆம்பளைங்க இதுல உக்காருவாங்களா?

"பொம்பளைங்க வேலை"ன்னு சொன்னவங்கதான் இப்ப முதல்ல வந்து சேர் பிடிக்கிறாங்க. உல்லனைக் குடுத்தா வர மாட்டாங்க, நாடாக் கட்டில் தளர்ந்து போச்சு மாமா, கொஞ்சம் இழுத்துக் கட்டிக் குடுங்கன்னு கேட்டா வருவாங்க. கட்டில் பின்றது நெசவுதானே, குறுக்க நெடுக்க அதே மேல கீழ. அலங்காநல்லூர் பக்கத்துல இருந்து மக வீட்டுக்கு வந்திருக்கிற ஒரு அய்யா மாட்டுக்குக் கட்டுற குஞ்சம் போட்டுக் காட்டினார். நாலு விரல்ல நூலை அம்பது சுத்து சுத்தி, விரலை உருவி, நடுவுல இறுக்கி ஒரு கட்டு, ரெண்டு பக்கமும் வளையத்தை வெட்டி கையால உருட்டி விட்டா பந்து மாதிரி நிக்கும். பேத்தி பாத்துட்டு "தாத்தா, இது பாம்பாம்"னுச்சு. "உனக்கு பாம்பாம், எங்க காளைக்குக் குஞ்சம்"னார்.

பெரிய மில்லுல ஸ்பின்னிங்ல இருந்து ரிட்டயர்டான ஒருத்தர் இருக்கார், அவரு கையால ஒண்ணும் செய்ய மாட்டார், நூலைத் திரிச்சுப் பாத்து நம்பர் சொல்றதோட சரி. 20ம் நம்பர், 40ம் நம்பர்னு சொல்றமே, அது ஒரு பவுண்டு எடையில 840 கெஜம் சிட்டம் எத்தனை வருதுங்கிற கணக்கு, அதான் நம்பர் ஏற ஏற நூல் சன்னமாகுதுன்னு அவரு சொல்லித்தான் எனக்குத் தெரியும். நெசவுக்குப் பேர்போன செல்லூர்ல பொறந்து வளந்தவ நான், வெக்கமாத்தான் இருந்துச்சு.

தக்ளி, ராட்டை வச்சுக்கலாமா?

எழுபது தாண்டினவங்க சிலர் ஆதாரப் பள்ளியில தக்ளி (கையால சுழட்டி நூல் நூக்குற சின்னக் கதிர்) சுத்தினவங்க, கையில குடுத்தா முகம் மாறுறதைப் பாக்கணும். ஆனா புதுசா கத்துக்கிறவங்களுக்கு ஆரம்பத்துல குடுக்காதீங்க, நூல் அந்துக்கிட்டே இருக்கும், வெறுத்துரும். பஞ்சுத் தூசு பறக்கும், ஆஸ்துமாக்காரங்க பக்கத்துல வேண்டாம். தக்ளி எடுத்த அன்னைக்கெல்லாம் பேச்சு மேலமாசி வீதிக்குப் போயிரும், 1921 செப்டம்பர் 22ல காந்தி அங்கதான சட்டை துண்டெல்லாம் விட்டுட்டு அரைவேட்டிக்கு மாறினார், அந்த வீட்டுல இப்பவும் கதர்க் கடை இருக்கு. ஒரு தடவை ஆட்டோ வச்சு எல்லாரையும் காந்தி மியூசியம் கூட்டிட்டுப் போனேன், ராணி மங்கம்மா அரண்மனை, உள்ள அவரு சுடப்பட்டப்ப உடுத்தியிருந்த துணி கண்ணாடிக்குள்ள இருக்கு. அப்பத்தா அதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னுச்சு. கண்ணு கலங்குதுன்னு நினைச்சேன், "கை நூல்தான், ஊடை ஒண்ணு தடிச்சு ஓடுது பாரு"ன்னுச்சு.

ஒயர் கூடை?

தெரிஞ்சவங்க பின்னட்டும். புதுசா அறுபத்தஞ்சு வயசுல கத்துக்கிறதுக்கு நான் சொல்ல மாட்டேன், ஒயர் இழுத்து இழுத்து விரல் இடுக்கெல்லாம் அறுக்கும். ஆசையா இருந்தா சிவன் கண் பின்னல் வேண்டாம், சாதா முடிச்சுல ஒரு போன் பை.

குரோஷா இந்த வயசுல வருமா?

ஸ்கூல்ல போட்டவங்களுக்கு வரும், எண்பதுகள்ல டிவி கவரும் தலையணை ஓரமும் போட்ட கை மறக்காது. ஆனா அந்தக் காலத்து சன்ன ஊசியை எடுக்காதீங்க, 5 மில்லிமீட்டர் 6 மில்லிமீட்டர் ஊசியும் தடி நூலும் எடுங்க. பென்சில் பிடிக்கிற மாதிரி பிடிச்சு வலிச்சா, காய் நறுக்குற கத்தியைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சுப் பாக்கலாம்.

செஞ்சதை விக்கலாமா?

நாங்க ஒரு தடவை மாட்டுனோம். ஒரு கடைக்காரர் தீபாவளிக்கு நாப்பது தோரணம் கேட்டார். முதல் வாரம் எல்லாருக்கும் ஒரே குஷி, ரெண்டாவது வாரம் "உன்னுது முடிஞ்சதா என்னுது முடிஞ்சதா"ன்னு கணக்கு, மூணாவது வாரம் எங்கம்மா ராத்திரி பத்து மணிக்கு விரல்ல தைலம் தேச்சுக்கிட்டு கட்டுது. கடைசில அவரு எண்ணிக்கையில குறை சொல்லிப் பாதிக் காசுதான் குடுத்தார். அதோட விட்டாச்சு. கேட்டு வந்தவங்களுக்கு நூல் காசு வாங்கிட்டுக் குடுக்கிறோம், தேதி சொல்ல மாட்டோம்.

துவைக்கலாமா?

சேலை விரிப்பை வாளியில ஊற வச்சு கையால அலசிப் பிழியாம நிழல்ல படுக்கைவாக்குல காயப் போடுங்க, கொடியில தொங்க விட்டா ஈரக் கனத்துல இழுபட்டு நீண்டுரும். அக்ரிலிக் உல்லன்ல வெந்நீரும் அயர்ன் பாக்ஸும் படக் கூடாது, துவண்டு உருக்கொலைஞ்சு போயிரும், சூடு அதிகமானா உருகிரும். புது நூல் எதுவா இருந்தாலும் நெய்யறதுக்கு முன்னாடி ஒரு சாண் வெட்டி ஈர வெள்ளைத் துணியில தேச்சுப் பாருங்க. ஒரு கடையில வாங்கின சிவப்பு நூலை அப்படிப் பாக்காம விட்டு, முதல் துவையல்லயே ஆறு விரிப்பும் ரோஸ் கலராப் போச்சு, அந்த ஆறுல ஒண்ணு மேலதான் இப்ப நான் உக்காந்திருக்கேன்.